அம்மாவின் பொருத்தனை, என் ஊழியம்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 29 வயது. உப்புவெளியில் இருக்கிறேன். தனியார் நிறுவனமொன்றில் கணக்கு வேலை. சபையில் ஆராதனை நடத்துகிறேன், சில ஞாயிறுகளில் பிரசங்கமும் செய்கிறேன். பிலிமத்தலாவை இறையியல் கல்லூரிக்குப் போகச்சொல்லி போதகர் ஐயா கேட்கிறார். அம்மாவுக்குச் சொல்லமுடியாத சந்தோஷம். 2004 சுனாமியில் தங்கச்சி போய்விட்டாள், நான் தப்பினேன். "ஆண்டவர் உன்னை ஊழியத்துக்குத்தான் மிச்சம் வைச்சிருக்கிறார்" என்று என்னை ஆண்டவருக்கே கொடுப்பதாக அம்மா அப்போதே பொருத்தனை செய்துவிட்டார்.

என் பிரச்சினை வேறு. பிரசங்கம் முடிந்து சனம் வந்து கைகொடுக்கும்போது உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் அன்று முழுக்க மனம் சரியில்லை. வேலையும் அலுத்துவிட்டது. இப்படிப்பட்டவன் ஊழியத்துக்குப் போகலாமா?

– பெயர் வேண்டாம், திருகோணமலை

அன்புள்ள தம்பி,

பாராட்டு ஆசையை நீங்கள் பெரிய பாவம்போல எழுதியிருக்கிறீர்கள். மேடையேறும் எவருக்கும் அது உண்டு. நோக்கம் முழுக்கச் சுத்தமான பிறகுதான் போகலாம் என்றால் எந்தச் சபைக்கும் போதகர் கிடைக்கமாட்டார். பொறாமையால் பிரசங்கிப்பவர்களும் இருக்கிறார்கள் என்று பவுலே பிலிப்பியருக்கு எழுதுகிறார்; எப்படியோ கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று சந்தோஷப்படுகிறார். வேலை அலுப்பைப் பற்றி ஒன்றுதான்: சபையிலும் கணக்கு உண்டு, கூட்டம் உண்டு, சண்டையும் உண்டு.

நான் நின்றுபோன இடம் வேறு. தங்கச்சியைப் பற்றி ஒரே வரி. சற்றுத் தள்ளி, "என் பிரச்சினை வேறு" என்கிறீர்கள். அங்கேதான் பிரச்சினை என்று எனக்குப் படுகிறது. பேரழிவில் தப்பியவர்கள் பலர், போனவருக்கு ஏதோ கடன்பட்டவர்கள்போல வாழ்கிறார்கள். ஒரு காரியத்தை மதித்துச் செய்வதும், செய்யாவிட்டால் குற்றவுணர்ச்சி குத்துமே என்று செய்வதும் ஒன்றல்ல என்று டெசி, ரயன் என்ற உளவியலாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே உழைப்புத்தான். ஆனால் கடன் அடைக்க ஊழியத்துக்கு வந்தவருக்கு ஒருநாள் லீவு எடுக்கவும் பயம், "ஏலாது" என்று சொல்லவும் வாய் வராது. கொஞ்ச வருடத்தில் ஆள் களைத்துப்போவார்.

அம்மாவைக் குறை சொல்லவில்லை. பிள்ளையை இழந்த தாய் வெள்ளத்தில் பிடித்த கொப்பு அது. வேதாகமத்தில் அன்னாளும், பிறக்கும் பிள்ளையை ஆண்டவருக்கே கொடுப்பதாகப் பொருத்தனை செய்துதான் சாமுவேலைப் பெற்றாள். ஆனால் இராத்திரியில் ஆண்டவர் தன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைச் சாமுவேல் தானே கேட்டான், அன்னாள் அவனுக்காகக் கேட்கவில்லை.

தங்கச்சி உயிரோடு இருந்து, பொருத்தனையும் இல்லாதிருந்தால் நீங்கள் பிலிமத்தலாவைக்குப் போக விரும்புவீர்களா? உடனே பதில் தேடவேண்டாம். போதகர் ஐயாவிடம் அவகாசம் கேளுங்கள். சில மாதங்களுக்கு மைக்கை இன்னொரு வாலிபரிடம் கொடுத்துவிட்டு, ஐயா ஆஸ்பத்திரிக்கும் மரணவீட்டுக்கும் போகும்போது கூடப் போங்கள். அங்கே உங்களைப் பாராட்ட ஆளில்லை; போகப் பிடிக்கிறதா, எப்போது திரும்பலாம் என்றிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், அம்மாவோடு தங்கச்சியைப் பற்றிப் பேசுங்கள். பொருத்தனைப் பேச்சு வேண்டாம், அவளைப் பற்றி மட்டும். அந்தப் பேச்சுக்குப் பிறகு தூக்கம் கெட்டாலோ பழைய பயம் திரும்பினாலோ, திருகோணமலைப் பொது வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போகக் கூச்சப்படாதீர்கள். அம்மா வர விரும்பினால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.