பதகளிப்பு (மனப்பதற்றம்), மனச்சோர்வு உள்ளவருக்கு ஏடிஎச்டியும் (சிறுவயதிலேயே தொடங்கும் கவனக்குறைவு, மிகைச் செயற்பாட்டுக் கோளாறு) இருக்கிறதா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

நீங்கள் புதிதாக உளவளத்துணைக்கு வந்தவர் என்று எழுதியிருப்பதால் மட்டக்களப்பில் அதே வேலை பார்க்கிறவனாகச் சொல்கிறேன். முடிவு சொல்வது மனநல மருத்துவர். ஆனால் அவரிடம் போகும் கதையைக் கேட்டு எழுதுவது பெரும்பாலும் நாங்கள்தான்.

இப்போது என்ன செய்கிறது என்பதைவிட, எப்போது தொடங்கியது என்று கேளுங்கள். கவனம் நிற்காமை, மறதி, இருப்புக்கொள்ளாமை எல்லாம் பதகளிப்பிலும் வரும், மனச்சோர்விலும் வரும், நித்திரை கெட்டாலும் வரும். பெரியவர்களில் ஏடிஎச்டி இருக்கலாமா என்று பார்க்கும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆறு கேள்விப் படிவத்தில் இப்படிப்பட்டவர்கள் எல்லாருக்குமே புள்ளி ஏறலாம். அது சந்தேகப்பட உதவும், அவ்வளவுதான். 2013இல் வந்த டிஎஸ்எம் 5 என்ற அமெரிக்க மனநோய்க் கண்டறிதல் கையேடு, ஏடிஎச்டி என்றால் பல அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், அதுவும் வீடு, பள்ளிக்கூடம் என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும் என்கிறது.

எங்கள் கரையோரத்தில் சிக்கலே அந்த 12 வயதில்தான். 2004 சுனாமியில் தேர்ச்சி அறிக்கைகள் வீட்டோடு போய்விட்டன. அப்போது சின்னப்பிள்ளையாக இருந்தவருக்கு அதிர்ச்சியும் அதே வயதில் நடந்திருக்கிறது. வகுப்பில் மனம் நிற்காதது எதனால் என்று அவருக்கே தெரியாது. வளர்த்தவரைக் கூப்பிடுங்கள். “படிப்பு எப்படி?” என்றால் “கெட்டிக்காரன்தான்” என்று முடித்துவிடுவார்கள். கடைக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். ஓர் அம்மா சொன்னார்: “அவன் சுனாமிக்கு முந்தியே அப்பிடித்தான் தம்பி. தேங்காய் வாங்க விட்டா பந்தடிச்சிட்டு நிப்பான். காசும் இரிக்காது, தேங்காயும் இரிக்காது.” எனக்கு அந்தப் பதில் படிவத்தைவிடப் பெரிது. அதற்காக அதிர்ச்சி இல்லை என்றாகாது. அந்த மகனுக்கு ஏடிஎச்டி, அதிர்ச்சி இரண்டும் இருந்தது.

அப்புறம், கவனம் சிதறும்போது மனம் எங்கே போகிறது என்றும் கேட்டுப் பாருங்கள். அதிர்ச்சியில் அது திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போகும், அல்லது வாசலையே காவல் பார்க்கும். ஏடிஎச்டியில் எதற்குப் பின்னாலும் போகும். இதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வேண்டாம்.

தைரொயிட், இரத்தச்சோகை, குறட்டையோடு மூச்சு நின்று போகும் நித்திரை, கஞ்சா, சாராயம் எல்லாம் கவனத்தைக் குலைக்கலாம், அதனால் அவையும் விசாரிக்க வேண்டியவை. அமைதியாக இருந்து கனவு கண்ட பெண்பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள், அவர்களைப் பற்றி ஆசிரியர்கள் முறைப்பாடே செய்திருக்க மாட்டார்கள்.

தற்கொலை எண்ணமோ கடும் மனச்சோர்வோ இருந்தால் அதற்குத்தான் முதலிடம். ஆனால் பதகளிப்பு முழுதாக மாறட்டும், பிறகு பார்ப்போம் என்று வருடக்கணக்கில் தள்ளுவதை நான் ஏற்கமாட்டேன். கரண்ட் பில் கட்ட மறந்து, வேலைக்குப் பிந்திப் போய் ஏச்சு வாங்குகிற ஆளுக்குப் பதகளிப்பு எப்படி மாறும்?