கார்ப்பெட்டுக்கு அடியில் குளம், பேட்டரியில் வறட்சி

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எனக்கு வரும் கேள்விகள் மாறிவிடும். கோடை முழுக்க ஏசி, ரேடியேட்டர் என்று கேட்டவர்கள் இப்போது "உள்ளே தண்ணி வருது", "பேட்டரி இறங்குது" என்கிறார்கள். இந்த முறை வந்தவை பெரும்பாலும் ஒரே ரகம். யாரோ வருடக்கணக்கில் மரத்தடியில் போட்டு மறந்த வண்டியை, விலை படிந்ததே என்று வாங்கியவர்கள் எழுதியவை. வாங்கியதில் தப்பில்லை. ஆனால் இந்த மாதிரி வண்டியில் தண்ணீரைத் தனியாகவும் கரண்ட்டைத் தனியாகவும் பார்த்தால் காசுதான் போகும். ஒயரிங் கோளாறைத் துரத்திக்கொண்டே போனால் பல நேரம் ஓர் ஈரமான கனெக்டரில் போய் நிற்போம். அதனால் கேள்வி எதுவாக இருந்தாலும் என் பதிலில் தண்ணீர் வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2011 மாடல் சின்ன கார். இரண்டு வருடம் வேப்பமரத்தடியில் நின்றது. மழை பெய்தால் முன்பக்கம் இடது சீட்டில் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்குகிறது. ஷெட்டில் முன் கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் அடித்துக் கொடுத்தார்கள். நிற்கவில்லை. இப்போது வாடையும் சேர்ந்துகொண்டது. (தாம்பரம்)

பதில்: கண்ணாடியை விடுங்கள். வேப்பமரம் என்று நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள்.

வைப்பர் படுத்திருக்கும் இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருக்கும். அதற்குக் கீழே வண்டியின் அகலத்துக்கும் ஒரு தகர வாய்க்கால் ஓடுகிறது. முன் கண்ணாடியில் வழியும் மழைநீர் முழுவதும் அதில் இறங்கி, இரண்டு ஓரத்திலும் உள்ள துளை வழியாகச் சக்கரத்துப் பக்கம் கொட்ட வேண்டும். வேப்பிலையும் பூவும் இரண்டு வருடம் அங்கே மக்கினால் துளை அடைந்துவிடும். நான் ஒரு வண்டியில் அள்ளியது நல்ல எரு, ரோஜாச் செடிக்குப் போட்டேன். துளை அடைபட்டால் வாய்க்காலில் தண்ணீர் ஏறும். ஏறி, ஏசி ப்ளோயர் வெளிக்காற்றை இழுக்கும் வாய் வழியாக உள்ளே இறங்கும். நம் ஊர் வண்டிகளில் ஸ்டீயரிங் வலது பக்கம், ப்ளோயர் இடது பக்கம். குளம் இடது பக்கம் கட்டியதற்கு அதுதான் காரணம்.

வைப்பர் கைகளின் நட்டைக் கழற்றி, தட்டின் கிளிப்புகளை உடைக்காமல் நெம்பி எடுத்து, இலையைக் கையால் அள்ளுங்கள். பைப்பை வைத்துப் பீய்ச்சினால் குப்பை துளைக்குள் இன்னும் இறுகும். அள்ளி முடித்த பிறகு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் கீழே கொட்டினால் சரி.

அதற்கும் நிற்கவில்லை என்றால் தோட்டத்துப் பைப்பை எடுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட வேண்டும். முதலில் கதவின் அடிப்பகுதி, அப்புறம் கதவின் மேல் பீடிங் (விளிம்பைச் சுற்றி வரும் ரப்பர் பட்டை), பிறகு கண்ணாடி ஓரம், கடைசியில் கூரை. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் சேர்ந்து நனையும், ஒன்றும் புரியாது. தண்ணீர் நிற்கும் இடமும் நுழையும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது என்பதையும் மனதில் வையுங்கள். கூரையில் ஆன்டெனா அடியில் நுழைந்தது துணிக்கு உள்ளேயே வழிந்து, தூண் வழியாக இறங்கிக் காலடியில் வந்து தேங்குவது சகஜம்.

அந்தத் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கவும் சொல்வேன். பிசுபிசுப்பாக, நிறத்தோடு, இனிப்பு வாடையோடு இருந்தால் அது மழைநீர் கிடையாது, டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் ரேடியேட்டரிலிருந்து ஒழுகும் கூலன்ட். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், அது விஷம்.

இனி வாடை. மேலே துடைத்துவிட்டு சென்ட் மாட்டினால் போகாது. கார்ப்பெட்டின் அடியில் தடித்த பஞ்சு இருக்கிறது, லிட்டர் கணக்கில் குடித்து வைத்திருக்கும். சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, பஞ்சை மொட்டைமாடியில் இரண்டு மூன்று நாள் காய வையுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரியின் நெகட்டிவ்வை எடுத்துவிட்டுச் சில நிமிடம் கழித்துத்தான் அதைத் தொட வேண்டும். டெஸ்ட் லாம்ப்பையோ மீட்டரையோ அதில் வைக்கவே கூடாது. கார்ப்பெட்டைத் தூக்கியதும் வாசற்படி ஓரமாக ஒயர்க் கொத்து ஒன்று பின்னால் போவது தெரியும். அதில் எங்காவது பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த வருடத்துக் கோளாறு அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

அடித்த சிலிக்கானைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். வினிகர் வாடை அடிக்கும் வகை என்றால் அது தகரத்தையே அரிக்கும். முன் கண்ணாடி ஒட்டுவதற்கு பாலியூரிதேன் பசை தனியாக இருக்கிறது.

கேள்வி: பின் கதவைத் திறந்து மூடினால் உள்ளே சளக் சளக் என்று சத்தம். கதவில் ஓட்டையா? (நாகர்கோவில்)

பதில்: ஓட்டை இல்லாததுதான் பிரச்சினை. கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு, எல்லா வண்டியிலும் இறங்கும். கதவின் அடி விளிம்பில் உள்ள துளைகள் வழியாக வெளியேறிவிடும். உங்களுடையது மண்ணால் அடைந்திருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் குச்சியால் குத்திவிடுங்கள், கால் வாளி கொட்டினாலும் ஆச்சரியமில்லை. அப்படியே விட்டால் கதவு அடியிலிருந்து துருப்பிடித்து டிங்கரிங் செலவு வரும். டோர் பேடைக் கழற்ற நேர்ந்தால் அதன் பின்னால் ஒட்டியிருக்கும் பாலிதீன் ஷீட்டைக் கவனியுங்கள். ஸ்பீக்கர் மாட்ட வந்தவர் கிழித்துவிட்டுப் போயிருப்பார். கதவுத் தண்ணீர் கார்ப்பெட்டுக்கு வராமல் தடுப்பது அந்த ஷீட்தான்.

கேள்வி: இரண்டு இரவு நிறுத்தினால் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி இரண்டு தடவை மாற்றியாயிற்று. டைனமோவும் மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். இனி எதை மாற்றுவது அண்ணே? (மதுரை)

பதில்: இனி எதையும் மாற்றாதீர்கள். இருநூறு முந்நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள்.

எஞ்சின் அணைத்து சில மணி நேரம் கழித்து பேட்டரியில் வையுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12 என்றால் கிட்டத்தட்ட காலி. எஞ்சின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. இந்த இரண்டு சோதனையை யாராவது செய்திருந்தால் டைனமோ காசு உங்களிடமே இருந்திருக்கும்.

இரண்டும் சரியாக இருந்து இரவில் இறங்குகிறது என்றால், வண்டி தூங்கும்போது ஏதோ ஒன்று விழித்திருந்து குடிக்கிறது. கண்டுபிடிக்கும் முறை இது. பானட்டைத் திறந்து வையுங்கள். பியூஸ் பெட்டி உள்ளே இருந்தால் கதவையும் திறந்து வைத்து, கதவு பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மடக்கிவிடுங்கள். வண்டி, கதவு மூடியதாக நினைத்துக்கொள்ளும். பட்டன் வைத்த பழைய மாடலில் பட்டனை அழுத்தி டேப் ஒட்டினால் போதும். சாவியைத் தள்ளி வையுங்கள். நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றி, கிளாம்ப்புக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் செருகி இணையுங்கள். இந்த நிலையில் சாவி போடவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது, மீட்டர் போய்விடும். அரை மணி நேரம் பேசாமல் இருங்கள், உள்ளே உள்ள மாடியூல்கள், அதாவது சின்னச் சின்ன கம்ப்யூட்டர் பெட்டிகள், ஒவ்வொன்றாகத் தூங்கப் போக அவ்வளவு நேரம் ஆகும். அவசரப்பட்டு முதல் நிமிடத்திலேயே பார்த்து "ஷார்ட்" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

அரை மணி கழித்து 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. சின்ன வண்டியின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி அந்த அளவுக்கு இரண்டு வாரம் தாங்கும். அரை ஆம்பியரோ ஒரு ஆம்பியரோ காட்டினால் பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது எண் சடாரென்று விழுகிறதோ அந்த லைனில்தான் திருடன். பியூஸ் எல்லாம் உருவியும் விழவில்லையா? பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு டைனமோவின் தடித்த ஒயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி, மறுபடி இணைத்துப் பாருங்கள். டைனமோவுக்குள் டயோடு (கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) கெட்டிருந்தால் நிற்கும்போதும் கரண்ட் கசியும். புதிதாக மாட்டியது என்பதால் அதை நம்பிவிடாதீர்கள்.

நான் முதலில் சந்தேகப்படுவது கம்பெனியிலிருந்து வராத சாமான்களை. ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர், ரிவர்ஸ் கேமரா, சென்ட்ரல் லாக். ஸ்டீரியோவின் மஞ்சள் ஒயர் நிரந்தர கரண்ட்டுக்கு, சிவப்பு சாவி போட்டால் வரும் கரண்ட்டுக்கு. வேலை சுருக்கமாக முடியட்டும் என்று இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் செட் தூங்கவே தூங்காது. அடுத்து டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கும் சென்ட்ரல் லாக் பெட்டி, தாம்பரத்துக்காரர் வண்டி போல ஒழுகினால் முதலில் நனைவது அதுவாகவும் இருக்கலாம்.

ஒரு தடவை நானே முக்கால் நாள் தேடிவிட்டுக் கடைசியில் டிக்கி விளக்கு என்று கண்டுபிடித்தேன். மூடினாலும் அணையவில்லை. மூடிய டிக்கிக்குள் எப்படிப் பார்ப்பது? போனில் வீடியோ ஓட விட்டு உள்ளே வைத்து மூடினேன். என் பையன் சொன்ன யோசனை.

கேள்வி: பிரேக் அழுத்தினால் இடது பக்கம் பின்னால் எல்லா விளக்கும் மங்கலாக எரிகிறது. இன்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டும் கூடவே துடிக்கிறது. டிக்கியில் ஈரமும் இருக்கிறது. (திருச்சி)

பதில்: எர்த் போயிருக்கிறது. பல்புக்குள் போன கரண்ட் எர்த் வழியாக பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்த வழி துருப்பிடித்தால், பக்கத்து பல்பின் வழியாகச் சுற்றிக்கொண்டு வீடு போய்ச் சேரப் பார்க்கும். பிரேக் அழுத்தினால் பார்க் லைட் எரிவது அதனால்தான்.

சந்தேகம் தீர, ஒரு நீள ஒயரை பேட்டரி நெகட்டிவ்விலிருந்து இழுத்து அந்த விளக்கின் எர்த் முனையில் வையுங்கள். விளக்குகள் சரியானால் எர்த்தான் குற்றவாளி. டிக்கி பக்கவாட்டு அட்டையை எடுத்தால் கறுப்பு ஒயர் பாடியில் திருகியிருக்கும் போல்ட் தெரியும். கழற்றி, தகரம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாள் போட்டு, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். பல்பு ஹோல்டரையும் பாருங்கள், பச்சை பிடித்திருந்தால் புதிது போடுவது மேல்.

ஈரத்தை நிறுத்தாவிட்டால் அடுத்த மழைக்கு மறுபடி இதே கேள்வியை எழுதுவீர்கள். டெயில் லாம்ப்பின் பின்னால் உள்ள ஸ்பாஞ்ச் கேஸ்கெட் நசுங்கி உயிர் போயிருக்கும். டிக்கி பீடிங்கை ஒரு பத்து ரூபாய் நோட்டால் சோதிக்கலாம். நோட்டை வைத்து மூடி இழுங்கள், தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் பிடிப்பில்லை. ஸ்டெப்னி குழியின் ரப்பர் மூடியைத் திறந்து தேங்கியதை வடித்துவிட்டு மறக்காமல் மூடுங்கள்.

இதே எர்த் நோய் எஞ்சினுக்கும் வரும். செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் நடுவே மீட்டர் வைத்தால் 0.2 வோல்ட்டை ஒட்டியே இருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் எர்த் பட்டையை மாற்றுங்கள்.

கேள்வி: வைப்பர் பியூஸ் அடிக்கடி போகிறது. 15 ஆம்பியர் நீலத்துக்குப் பதில் 30 ஆம்பியர் பச்சை போட்டால் நிற்கும் என்கிறார் எலக்ட்ரீஷியன். போடலாமா? (சேலம்)

பதில்: கூடாது. பியூஸ் போவது நிற்கும், அதற்குப் பதில் ஒயர் எரியும். வைப்பரின் இணைப்புக் கம்பிகள் துருவில் இறுகி, மோட்டார் திணறி அதிக கரண்ட் இழுக்கிறது என்று நினைக்கிறேன். நின்று போன வண்டியில் இது வழக்கம். மோட்டாரிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டுக் கையால் அசைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். மோட்டாரும் அந்த இலை வாய்க்காலில்தான் குடியிருக்கிறது.

கேள்வி: சென்னைப் பதிவு வண்டி, விலை ரொம்பக் குறைவாக வருகிறது. வெள்ளத்தில் மூழ்கியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது சார்? நான் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும். (கோவை, வாசகி)

பதில்: சந்தேகம் நியாயமானது. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னையில் நிறைய வண்டிகள் தண்ணீரில் கிடந்தன. அப்படிப்பட்டவை கழுவித் துடைத்து வெளியூரில் விலைக்கு வருவது உண்டு.

பகலில் போங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். விற்பவர் எல்லாவற்றையும் கழுவுவார், சுருளின் உள் முனையைக் கழுவ மறப்பார், சேற்றுக் கோடு அங்கே இருக்கும். சீட் தண்டவாளத்திலும் டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள திருகுகளிலும் துரு, ஹெட்லைட்டுக்கு உள்ளே மண் படிவு, ஸ்டெப்னி குழியில் வண்டல். பழைய வண்டியில் கார்ப்பெட் மட்டும் புத்தம் புதிதாக, சென்ட் வாடை மூக்கைத் துளைத்தால் உஷாராகுங்கள். பழைய இன்சூரன்ஸ் தாள்களையும் கேளுங்கள். நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்திருந்தால் ஏன் என்று விசாரியுங்கள்.

டேஷ்போர்டு மட்டத்துக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் நான் எடுக்க மாட்டேன். வாங்கும் அன்று எல்லாம் வேலை செய்யும். கனெக்டருக்குள் துரு மெதுவாக வளர்ந்து, மாதங்கள் கழித்து ஒன்றொன்றாகக் கழுத்தை அறுக்கும்.

கேள்வி: எலி ஒயரைக் கடித்துவிட்டது. டேப் சுற்றினால் போதுமா? (தஞ்சாவூர்)

பதில்: முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்காலம் வரை ஓடும். சால்டர் வைத்து, மேலே சுருங்கும் ஸ்லீவ் போட்டால் நெடுநாள் நிற்கும். ஏபிஎஸ், ஏர்பேக் ஒயர் என்றால் நீங்கள் கை வைக்க வேண்டாம். பானட்டுக்குள் புகையிலை கட்டித் தொங்க விடுகிறார்கள். சில எலிகள் மதிக்கின்றன, சில மதிப்பதில்லை. வண்டியைத் தினமும் எடுங்கள், வண்டிக்குள் முறுக்குத் தூள் சிந்தாதீர்கள்.

கேள்வி: நல்ல வெயில் நாளில் கூட ஓட்டும்போது இடது பக்கம் உட்காரும் மனைவியின் காலில் தண்ணீர் சொட்டுகிறது. மழையே இல்லை! (வேலூர்)

பதில்: ஏசி போட்டிருந்தீர்களா? அப்படியானால் அது ஏசி தண்ணீர். வெளியே சொட்ட வேண்டியது, குழாய் அடைந்ததால் உள்ளே வழிகிறது. வண்டிக்கு அடியில், எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுச் சுவர் ஓரமாக ஒரு சின்ன ரப்பர் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். ஷெட்டில் மெதுவாகக் காற்று ஊதினால் சேறு துப்பிவிட்டு ஓட ஆரம்பிக்கும். ஐந்து நிமிட வேலை. டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த ஷெட்டுக்குப் போங்கள்.