ஷூ தைக்கக் கற்றுக்கொள்ள 58,000 ரூபாய் கடன் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு 29 வயது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அம்மாவுடன் வாடகை வீட்டில் இருக்கிறேன். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. கைக்கு வருவது 23,000 ரூபாய். வாடகை, வீட்டுச் செலவு, அம்மாவின் மருந்து, பஸ், போன் எல்லாம் சேர்த்து 18,000 ஆகிவிடும். தபால் அலுவலகத்தில் மாதம் 2,500 ரூபாய் ஆர்.டி. கட்டுகிறேன், 14 மாதம் முடிந்திருக்கிறது. சேமிப்புக் கணக்கில் 28,000 இருக்கிறது. இரண்டு பவுனில் ஒரு செயின் உண்டு.

கையால் ஷூ தைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், அந்தக் காலத்தில் ஆர்டருக்கு ஷூ தைத்துக் கொடுத்த பெரியவர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை வந்தால் சொல்லித் தருகிறேன் என்கிறார். பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாமான் விற்கும் ஒருவர், புதிதாகக் கற்பவர்களுக்கான செட் என்று 58,000 ரூபாய்க்குப் பட்டியல் கொடுத்திருக்கிறார். தையல் மெஷின் 26,000, லாஸ்ட் (கால் வடிவ அச்சுக் கட்டை) 12 ஜோடி 14,000, தோல் 40 சதுர அடி 7,000, மற்ற கருவிகள் 11,000. மாதம் 2,950 வீதம் 24 மாதத் தவணை, “வட்டி 11 சதவீதம்தான்” என்கிறார். இல்லையென்றால் சிறுதொழிலுக்கு அரசுத் திட்டத்தில் கிடைக்கும் முத்ரா கடன் ஏற்பாடு செய்து தருகிறாராம். தவணையில் வாங்குவதா, முத்ராவா, செயினை அடகு வைப்பதா, ஆர்.டி.யை உடைப்பதா?

பதில்: கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் இருந்து, தானே வாய்விட்டு ‘வா’ என்று சொல்வது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஆனால் நீங்கள் கேட்ட நான்கு வழியும் வேண்டாம்.

முதலில் தவணைக் கணக்கு. 23,000-ல் செலவு 18,000, ஆர்.டி. 2,500 போனால் மாதம் மிஞ்சுவது 2,500. தவணை 2,950. முதல் மாதமே 450 ரூபாய் துண்டு விழும், ஞாயிறுதோறும் கடலூர் போய்வரும் பஸ் காசு தனி. அந்த 450-ஐ எடுக்க ஆர்.டி.யில் கை வைப்பீர்கள் அல்லது கடை மளிகையைக் கடனாக்குவீர்கள். இப்படித்தான் சிறிய கடன் ஒன்று மூன்றாகிறது என்பதை என்னிடம் வருகிறவர்களின் பாஸ்புக்குகளில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அந்த 11 சதவீதத்தையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 2,950-ஐ 24-ஆல் பெருக்கினால் 70,800. அதாவது வட்டி மட்டும் 12,800. அசலை மாதாமாதம் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள். ஆனால் வட்டியோ கடைசி மாதம் வரை முழு 58,000-க்கும் போடப்படுகிறது. இதை ‘ஃபிளாட்’ வட்டி என்பார்கள். வங்கிகள் சொல்வதுபோல குறைந்துவரும் பாக்கிக்குக் கணக்கிட்டால் இது ஏறக்குறைய 20 சதவீதம். நீங்கள் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவர், ஒரு அட்டவணை போட்டுப் பார்த்தால் அரை மணியில் தெரிந்துவிடும்.

ஆர்.டி.யை உடைக்க நினைத்தாலும் முடியாது. தபால் அலுவலக ஆர்.டி.யை மூன்று ஆண்டு முடியும் முன் மூட விதியில்லை. 12 தவணை கட்டியவர்கள் இருப்பில் பாதி வரை கடன் வாங்கலாம், வட்டி ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம் கூடுதல். உங்களுக்கு 17,500 வரை கிடைக்கும். தவணைக் கடனைவிட எவ்வளவோ மேல்தான், ஆனாலும் இப்போது அதற்கும் தேவை இல்லை. செயின் அப்படியே கழுத்தில் இருக்கட்டும். 28,000 சேமிப்பு உங்கள் வீட்டுக்கு ஒன்றரை மாதச் செலவு. அம்மாவுக்கு மருந்து நடக்கும் வீட்டில் அது போதவே போதாது, அதைத் தொடும் பேச்சே கூடாது.

முத்ரா விஷயத்தில்தான் நீங்கள் அதிகம் கவனமாக இருக்க வேண்டும். 2023 செப்டம்பர் 17-ல் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் உள்ள 18 தொழில்களில் காலணி செய்வதும் ஒன்று. அதில் சேர்ந்தால் கருவி வாங்க 15,000 ரூபாய் வரை வவுச்சர், பயிற்சி நாட்களில் நாளுக்கு 500 ரூபாய், அப்புறம் முதல் கட்டமாக 1 லட்சம் வரை 5 சதவீத வட்டியில் பிணை இல்லாத கடன். நீங்கள் இப்போது விண்ணப்பிக்க முடியாது. கையால் அந்தத் தொழிலைச் சுயமாகச் செய்கிறவர்களுக்கான திட்டம் அது, நீங்கள் மாதச் சம்பளக்காரர், இன்னும் ஊசி பிடிக்கவில்லை. ஆனால் நாளைக்கு இதையே தொழிலாக எடுத்தால் அந்தக் கதவு உங்களுக்குத் திறந்திருக்க வேண்டும். கடந்த ஐந்து ஆண்டில் முத்ரா மாதிரியான கடன் வாங்கி அதை முழுக்க அடைக்காதவர்களுக்கு அதில் இடமில்லை. மெஷின் விற்பவரின் வசதிக்காக இன்று ஒரு முத்ரா கடனை எடுத்துவிட்டு, பாக்கி நிற்கும்போது 15,000 ரூபாய் கருவி வவுச்சரை இழப்பது என்ன கணக்கு?

சரி, பட்டியலுக்கு வருவோம்.

கிட்டத்தட்டப் பாதிப் பணம் மெஷினுக்குப் போகிறது. முதல் வருடம் அதற்கு வேலையே இல்லை. ஷூவின் மேல்பாகத்தைக் கையாலேயே தைக்கலாம். அது சலிப்பாக இருந்தால், துண்டுகளை வெட்டி, ஓரம் சீவி, ஒட்டி எடுத்துக்கொண்டு போய்த் தோல் பை தைப்பவர் ஒருவரிடம் கூலிக்குத் தைத்து வாங்கலாம். தோல் பை தொழில் நம் ஊருக்குப் புதிதில்லை. 1978-ல் இங்கே தொடங்கிய ஹைடிசைன் உலகம் பூராவும் போயிருக்கிறது, அந்த வேலை தெரிந்த கைகள் புதுச்சேரியில் நிறைய. வீட்டுத் தையல் மெஷினில் ஓட்டிப் பார்க்கலாமா என்று தோன்றும், வேண்டாம். துணியைத் தள்ளும் அடிப்பல் தோலில் வரிவரியாகத் தடம் பதித்துவிடும், அந்தத் தடம் போகாது. மெஷின் வாங்கும் காலம் வந்தால், அதற்கு முன் சென்னை கிண்டியில் உள்ள மத்திய காலணிப் பயிற்சி நிறுவனத்தில் குறுகிய காலப் பயிற்சி இருக்கிறதா என்று விசாரித்து, எந்த வகை மெஷின் உங்களுக்கு வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அடுத்து லாஸ்ட். காலின் வடிவில் இருக்கும் இந்த அச்சுக் கட்டையின் மீதுதான் தோலை இழுத்துப் பிடித்து ஷூவாக்குகிறார்கள். அளவுக்கு அளவு சுமார் எட்டரை மில்லிமீட்டர் நீளம் கூடும். 12 ஜோடி என்றால் அரை அளவுகளையும் சேர்த்து ஒரு கடைக்காரருக்கு வேண்டிய சரக்கு. உங்களுக்கு இருப்பது ஒரு ஜோடிக் கால். உங்கள் அளவில் ஒரு ஜோடி பிளாஸ்டிக் லாஸ்ட் போதும். அதிலேயே நான்கைந்து ஷூ செய்யலாம். செய்ததை நீங்களே போட்டு நடந்தால்தான் குதிகால் எங்கே கடிக்கிறது, விரல் எங்கே இடிக்கிறது என்பது தெரியும். வேறொருவருக்குச் செய்யும்போது கால் கொஞ்சம் அகலமாக இருந்தால், அதே லாஸ்ட்டின் மேல் தோல் துண்டு ஒட்டி ஏற்றிக்கொள்ளலாம். பழைய கைகள் இப்படித்தான் செய்கிறார்கள், பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள்.

40 சதுர அடித் தோல்தான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. ஒரு ஜோடி ஷூவின் மேல்பாகத்துக்குச் சேதாரம் சேர்த்து மூன்று சதுர அடி வைத்துக்கொண்டாலும், 40 அடி என்பது பன்னிரண்டு, பதின்மூன்று ஜோடிக்கான தோல். ஞாயிறு மட்டும் வேலை செய்தால் ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் கிடக்கும். நம் கடலோரத்து ஐப்பசி, கார்த்திகையை நினைத்துப் பாருங்கள். பீரோவில் வைத்த தோல் செருப்பிலேயே வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். சுருட்டி வைத்த தோலுக்கு என்ன ஆகும்? மொத்தமாக வாங்கினால் விலை குறைவு என்பார்கள். அந்தக் குறைவு மழைக்காலத்தில் போய்விடும். அதே காரணத்துக்காக, இரும்புக் கருவிகளையும் வேலை முடிந்ததும் துடைத்து லேசாக எண்ணெய் தடவி வையுங்கள், உப்புக் காற்று சும்மா விடாது.

என் செருப்பு வாரைத் தைத்துத் தருகிறவர் புதுச்சேரி பஸ் நிலையம் பக்கம் உட்கார்ந்திருப்பார். உங்கள் கடிதம் வந்த வாரம், அவர் தைத்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்று அவருடைய தகரப் பெட்டியைப் பார்த்தேன். இரும்புக் கட்டை, சுத்தியல், இரண்டு கத்தி, மூன்று குத்தூசி, குறடு, மெழுகு, நூல், ஒட்டுவதற்கு ஒரு சொல்யூஷன் டப்பா. அவ்வளவுதான். கத்தியை ஒரு கல்லில் நாலு இழுப்பு, பிறகு தொடையில் போட்டிருந்த பழைய தோல் துண்டில் நாலு இழுப்பு. அதன் பிறகு வாரின் ஓரத்தைச் சீவினார். வெங்காயத் தோல் மாதிரி சுருளாக வந்தது, எங்கேயும் கிழியவில்லை. அந்தக் கத்தி இடையில் ஒடிந்துபோன ஏதோ ஒரு பழைய பிளேடில் அவரே தீட்டிச் செய்தது. ஓரம் சீவும் அந்த ஒரு வேலை கைக்கு வருவதற்கே உங்களுக்கு மாதங்கள் ஆகும். அதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டியது துண்டுத் தோல் மட்டும்தான்.

ஆகவே என் திட்டம் இது. முதல் இரண்டு மாதம் மிச்சமாகும் 5,000 ரூபாயில் தொடங்குங்கள். நல்ல கத்தி ஒன்று, தீட்டுக்கல், குத்தூசி, ஊசிகள், மெழுகு நூல், ஸ்டீல் ஸ்கேல், வெட்டுவதற்கு அடியில் வைக்கும் தடித்த பிளாஸ்டிக் பலகை, தட்டையான முகம் கொண்ட சுத்தியல். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய இரும்புச் சாமான் பரப்பி வைத்திருப்பவர்கள் கண்ணில் பட்டால் சுத்தியலையும் குறடையும் அங்கே தேடிப் பாருங்கள். கத்தியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மொக்கைக் கத்தி தோலைக் கெடுக்கும், கையையும் வெட்டும்.

முதலில் ஷூ வேண்டாம், செருப்பு செய்யுங்கள். அதற்கு லாஸ்ட் தேவையில்லை. காகிதத்தில் காலை வைத்து வரைந்து, அடித்தோல் வெட்டி, வார் கோத்து, ஒட்டித் தைத்தால் ஒரு ஜோடி. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதப்படுத்துவது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். அப்படிப் பட்டையில் பதப்படுத்திய கெட்டித் தோல் அடிப்பாகத்துக்கு நன்றாக நிற்கும். வெட்டி மிச்சமான துண்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். சென்னை பெரியமேடு பக்கம் போகும் வேலை இருந்தால் தோல் கடைகளை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். வாங்காவிட்டாலும் விலை தெரியும், தோலைத் தொட்டுப் பார்த்துப் பழகலாம்.

மூன்று ஜோடிச் செருப்பு முடித்த பிறகு, அடுத்த இரண்டு மாத மிச்சத்தில் லாஸ்ட் ஒரு ஜோடி, தோலை இழுத்துப் பிடிக்கும் லாஸ்டிங் குறடு, மேல்தோல் நான்கு சதுர அடி, உள்தோல் அதற்கேற்ப. லாஸ்ட் மேல் காகித டேப்பைச் சுற்றி ஒட்டி, அதன் மேல் டிசைனைப் பென்சிலில் வரைந்து, உரித்துத் தட்டையாக்கினால் அதுதான் பேட்டர்ன். ஒரு ரோல் டேப் செலவு. முதல் ஜோடியை ரெக்சினில் தைத்துப் பாருங்கள், தோலை அப்புறம் வெட்டலாம். ஒரு ஜோடி முடியாமல் அடுத்த கருவி வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டால், வருடக் கடைசியில் உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு சாமானும் வேலை செய்த சாமானாக இருக்கும்.

சொல்யூஷன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இரண்டு பக்கமும் தடவி, லேசாகப் பிசுபிசுக்கும் வரை காயவிட்டு ஒட்டுவது அது. அந்த நேரத்தில் எழும் வாடை உடம்புக்கு ஆகாது, தீயும் பிடிக்கும். வாடகை வீட்டில் சமையலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அம்மா படுக்கும் அறைக்கு வெளியே செய்யுங்கள். சின்ன டப்பாவாக வாங்குங்கள்.

விற்பனை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு நோட்டுப் பக்கம் ஒதுக்கி, தோல், நூல், சொல்யூஷன், கூலி, எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். பத்தாவது பக்கம் வந்ததும் விலை வைக்கத் தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரை காலணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18. பதிவு செய்ய வேண்டிய வரம்பு புதுச்சேரியில் ஆண்டு விற்பனை 20 லட்சம், தமிழ்நாட்டில் பொருள் விற்பவர்களுக்கு 40 லட்சம். கடலூருக்கு விற்றால் அது மாநிலம் தாண்டிய விற்பனை, அதற்கு விதி வேறு. அந்தக் கட்டம் வரும்போது ஒரு வரி ஆலோசகரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக, பெரியவர் பணம் வேண்டாம் என்றது. அவர் பெரிய மனதில் சொல்லியிருக்கிறார், நீங்கள் கொடுக்காமல் இருக்கக் கூடாது. தோல் வேலை செய்தவர்களை இந்த ஊர்கள் எப்படி நடத்தின என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் கையில் இருக்கும் வித்தையையும் இலவசமாக வாங்கிக்கொள்வது நியாயமில்லை. ஒரு ஞாயிறுக்கு 300 ரூபாய் என்று வைத்தால் நான்கு ஞாயிறுக்கு 1,200. உங்கள் 2,500-ல் பாதி. பஸ் காசு போக, தோலுக்கும் கருவிக்கும் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சும். அதனால் மேலே இரண்டு மாதம் என்று நான் சொன்னது ஐந்தாறு மாதமாக நீளும், நீளட்டும். அவர் கையில் வாங்க மறுத்தால் வீட்டில் உள்ளவர்களிடம் கொடுங்கள், அல்லது அவருக்கு வேண்டிய தோலும் நூலும் வாங்கிப் போய் வையுங்கள்.

வருகிற ஞாயிறு போகும்போது அந்த 58,000 ரூபாய் பட்டியலை அவரிடம் காட்டி, ஒரு பேனாவையும் கொடுங்கள். அவர் அடிக்காமல் விடுவதை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.