மழை வெள்ளத்தில் ஆடு, மாடு இறந்தால் அரசு நிவாரணம் கிடைக்குமா? அமெரிக்காவில் சந்தை விலையில் 75 சதவீதம் தருகிறார்களாமே?

கிடைக்கும். ஆனால் புதைப்பதற்கு முன்னால் அதிகாரிகள் வந்து பார்த்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இது தெரியாமல்தான் ஏமாந்தோம்.

எங்களுக்கு தேவகோட்டைப் பக்கம். சித்தப்பா கிடை ஆடு வைத்திருந்தார்; அதாவது, ஊர் ஊராக மேய்த்துப் போய் ராத்திரி வயலில் அடைக்கிற மந்தை. ஒரு ஐப்பசி மழையில், வேறொரு ஊர்க் கரம்பில் கிடை போட்டிருந்தபோது, ராத்திரி கண்மாய்க் கரை உடைத்துக்கொண்டது. விடியும்போது பெரிய ஆடுகளில் பதினான்கு விறைத்துக் கிடந்தன. குட்டிகளைக் கவிழ்த்து அடைத்திருந்த கொடாப்புக் கூடையைத் தூக்கினால், தண்ணீருக்குப் பயந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருந்ததெல்லாம் செத்திருந்தது. மேலே இருந்த இரண்டு மட்டும் நடுங்கிக்கொண்டே கத்தின. சித்தி அவற்றைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நாற்றம் வந்துவிடும், நாய் இழுக்கும் என்று மத்தியானத்துக்குள் குழி வெட்டி மூடிவிட்டோம். மறுநாள் மனுவோடு போனால், "ஆடு எங்கே?" என்றார்கள். போஸ்ட்மார்ட்டம் இல்லை, சான்று இல்லை, ஒரு பைசா வரவில்லை.

அதனால் ஆடு செத்தவுடனே வி.ஏ.ஓ.வுக்கும் மாட்டாஸ்பத்திரி டாக்டருக்கும் போன் போடுங்கள். 1962 என்ற எண்ணிலும் கால்நடை உதவி கேட்கலாம். அவர்கள் வரும்வரை தார்ப்பாயால் மூடி வையுங்கள். இடமும் காதில் மாட்டியிருக்கும் அடையாள வில்லையும் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். வெள்ளத்தில் செத்தது என்று டாக்டர் சான்றில் தெளிவாக இருக்க வேண்டும். வெறும் நோய் என்று எழுதிவிட்டால் பேரிடர்க் கணக்கில் சேராது.

தொகை என்று பார்த்தால், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தமிழக அரசு பசு, எருமைக்கு 30,000 ரூபாயிலிருந்து 37,500 ஆகவும், ஆட்டுக்கு 3,000 ரூபாயிலிருந்து 4,000 ஆகவும் உயர்த்தியது. கோழிக்கு 100 ரூபாய். மத்திய அரசின் பேரிடர் நிதி விதியில் ஒரு வரம்பும் உண்டு: ஒரு குடும்பத்துக்குப் பால் மாடு என்றால் மூன்று, ஆடு என்றால் முப்பது. நூறு ஆடு செத்தாலும் அந்த விதிப்படி முப்பதுக்குத்தான் கணக்கு. இரண்டு, மூன்று ஆடு வைத்திருப்பவர்களுக்கு இது இடிக்காது. கிடை வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய அடி.

அமெரிக்கா பற்றி நீங்கள் கேட்டது சரிதான், 75 சதவீதம் அங்கே உண்டு. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, வறட்சியில் மேய்ச்சல் கருகிப்போனாலே, ஆடு மாடு உயிரோடு இருக்கும்போதே, பணம் தர அங்கே தனித் திட்டம் இருப்பதுதான். நம் பக்கம் மூன்று மழை பொய்த்தால் ஆட்டைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறோம். அந்த நஷ்டம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. செத்தால்தான் பணம் என்று இருப்பது நியாயமே இல்லை.

அப்புறம், கிடையோடு ஊர் ஊராகப் போகும் கீதாரிகளுக்கு ஒன்று. வெளியூர் வி.ஏ.ஓ.வுக்கு உங்களையும் தெரியாது, உங்களிடம் எத்தனை ஆடு இருந்தது என்பதும் தெரியாது. கிடை போட்ட அன்றே போய் உருப்படி எண்ணிக்கையைச் சொல்லி, எழுதிக் கொடுத்து, போன் நம்பர் வாங்கி வந்துவிடுங்கள். சித்தப்பா மகன் இப்போது இதைத்தான் செய்கிறான். தாளின் நகலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மழையில் நனையாமல் தூக்குவாளிக்குள் வைத்திருக்கிறான்.