எக்ஸாஸ்ட்டை எங்கே பிடிக்கணும், எங்கே விடணும்? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, முன்சக்கர டிரைவ் கார். புது ஸ்டெயின்லெஸ் எக்ஸாஸ்ட் போட்டதிலிருந்து மேனிஃபோல்டுக்கு (இன்ஜினிலிருந்து புகையை வாங்குற குழாய்த் தொகுதி) கீழே ஒரே இடத்தில் விரிசல். ரெண்டு தடவை வெல்டு வச்சாச்சு. இப்போ தடிமனா முட்டுத்தகடு வைக்கலாம்ங்கிறார் வெல்டர்.

பதில்: வேண்டாம். தகடு வச்சா விரிசல் அந்தத் தகடு முடியுற ஓரத்துக்கு நகரும், அவ்வளவுதான். குறுக்கே உட்கார்ந்த இன்ஜின் ஒவ்வொரு தடவை ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதும் முன்னும் பின்னும் சாயும். பைப்போட மறுமுனை பாடியில் தொங்குது. நடுவில் வளைஞ்சு கொடுக்க எதுவுமில்லைன்னா, வெல்டை ஒட்டி சூடுபட்ட பட்டையில்தான் கிழியும். முதல்ல இன்ஜினைத் தாங்குற மவுண்ட் ரப்பரைப் பாருங்க. அது பிஞ்சிருந்தா மத்ததெல்லாம் வீண் செலவு. மவுண்ட் நல்லாயிருந்தா, டவுன்பைப்பில் (மேனிஃபோல்டிலிருந்து கீழே இறங்குற பைப்) ஒரு ஃப்ளெக்ஸ் பைப், அதாவது வளைஞ்சு கொடுக்கிற துண்டு, வைங்க. இன்ஜினுக்கு அடியில், அது ஆடுற அச்சுக்கு எவ்வளவு பக்கமா முடியுமோ அவ்வளவு பக்கமா.

கேள்வி: ஃப்ளெக்ஸ் இருக்கு சார். ஆனா மேலே இருக்கிற கம்பி வலை சீக்கிரமே பிரிஞ்சு தொங்குது. மட்டமான சரக்கா?

பதில்: இருக்கலாம், ஆனா எனக்குச் சந்தேகம் ஹேங்கர் (பைப்பை பாடியில் தொங்கவிடுற பிடி) மேலதான். ஃப்ளெக்ஸ் ஒரு கீல். தூண் வேலையை அதுகிட்ட வாங்கக்கூடாது. அதுக்குப் பின்னாடி கொஞ்ச தூரத்திலேயே ஒரு ஹேங்கர் இருக்கணும், பைப் எடை அதில் உட்காரணும். அடுத்து, மாட்டும்போது இழுத்தோ அமுக்கியோ முறுக்கியோ மாட்டினாங்களான்னு கேளுங்க. உள்ளே இருக்கிற மெல்லிய மடிப்புக் குழாய் வளைவைத் தாங்கும், முறுக்கலைத் தாங்கவே தாங்காது. எல்லா போல்ட்டையும் தளர்த்திவிட்டு, பைப்பைத் தானா தொங்கவிட்டு, முன்னாலிருந்து பின்னாடி இறுக்கிட்டு வாங்க. வலை மேலேயே வெல்டு ஓட்டியிருந்தா மடிப்பு எரிஞ்சிருக்கும். மாத்துறது தவிர வழியில்லை.

கேள்வி: அப்போ பிரேஸே (பைப்பை அசையாம பிடிக்கிற முட்டு) கூடாதா?

பதில்: யார் சொன்னது? ஃப்ளெக்ஸுக்கு முன்னாடி இருக்கிற பைப் இன்ஜினோட சேர்ந்து ஆடுது. அதனால கியர்பாக்ஸ் போல்ட்டிலிருந்து டவுன்பைப்புக்கு ஒரு பிராக்கெட் கொடுத்தா மேனிஃபோல்ட் ஃபிளாஞ்சுக்கு (போல்ட் போட்டு இணைக்கிற தகடு) சுமை குறையும். ஃப்ளெக்ஸுக்குப் பின்னாடி பாடியோட மட்டும், அதுவும் ரப்பர் வழியா. ஃப்ளெக்ஸோட ரெண்டு பக்கத்தையும் கம்பி போட்டு இணைச்சு வச்சிருந்த வண்டியெல்லாம் பார்த்திருக்கேன். அப்புறம் அந்த ஃப்ளெக்ஸ் எதுக்கு?

பிராக்கெட் ஓட்டையை மட்டும் நீள்வட்டமா போடுங்க. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஒரு மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.017 மில்லிமீட்டர் நீளும். 2 மீட்டர் பைப் 300 டிகிரி கூடுதலா சூடானா ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். சாதா இரும்பு இதைவிடக் குறைவாத்தான் நீளும். அதனாலதான் பழைய பைப்புக்குச் சரியா இருந்த இடைவெளி புதுசுக்குப் பத்தாம போகுது.

கேள்வி: அதனாலதானா வண்டி சூடானதும் பின்னாடி டக் டக்னு சத்தம் வருது?

பதில்: பெரும்பாலும் அதான். பம்பர் ஓரத்திலும் பின் ஆக்சில் மேலேயும் பளபளன்னு உரசின தடம் தேடுங்க. தடம் இருக்கிற இடத்தில் ஹேங்கரை நகர்த்துங்க.

கேள்வி: ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் ஹேங்கர்?

பதில்: பின்பக்கம் பரவாயில்லை, ஆட்டம் குறையும், கேபினில் ரீங்காரம் கொஞ்சம் கூடும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தப்படுத்துற பெட்டி) பக்கத்தில் வேண்டாம், அந்தச் சூட்டுக்கு இளகிடும்.

கேள்வி: மேனிஃபோல்ட் பக்கம் மயிரிழை விரிசல்தான், சத்தம்கூட இல்லை. விட்டுடலாமா?

பதில்: விடாதீங்க. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னாடி விரிசல் இருந்தா, பைப்புக்குள்ள அழுத்தம் ஏறி இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போகும். எரிபொருள் குறைவா இருக்குன்னு ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) தப்பா நினைச்சு கூடுதலா ஊத்தும். கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள்ள வர வாய்ப்பிருக்குங்கிறது அதைவிடப் பெரிய விஷயம், அதுக்கு வாசனையும் கிடையாது. இன்ஜின் ஆறின பிறகு, வாக்யூம் கிளீனர் காற்றை ஊதுற பக்கத்தைப் பின் பைப்பில் வச்சு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணி தெளிச்சுப் பாருங்க. நுரை கிளம்புற இடமெல்லாம் கசிவு.