ஓகஸ்டில் கிரேக்கம்: பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: வரும் ஓகஸ்டில் கணவர், பத்து வயது மகள், எழுபதைக் கடந்த மாமியார் ஆகியோருடன் பன்னிரண்டு நாட்கள் கிரேக்கத்தைச் சுற்றிப் பார்க்க எண்ணியுள்ளோம். கொழும்பிலுள்ள பயண முகவர் ஒருவர், ஏதென்ஸ் நகரையும் மைகோனோஸ், சந்தோரினி தீவுகளையும் சேர்த்து ஒரு திட்டம் தந்துள்ளார். இந்த வாரமே முழுப் பணத்தையும் கட்டினால் விலை குறையும் என்றும், விசா உறுதி என்றும், எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது என்றும் சொல்கிறார். கட்டலாமா? அங்கே போன பின் மேலதிகச் செலவுகள் உண்டா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: இந்த நிபந்தனைகளுடன் கட்ட வேண்டாம். விசா உண்மையிலேயே உறுதியென்றால், விசா மறுக்கப்பட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதித் தர அவர் தயங்க வேண்டியதில்லை. கிரேக்கம் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவைத் தருவதும் மறுப்பதும் தூதரகத்தின் முடிவு. அதற்கு எந்த முகவராலும் உத்தரவாதம் அளிக்க முடியாது. பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், ஓகஸ்ட் பயணத்துக்குப் பெப்ரவரியிலேயே வேலையைத் தொடங்குங்கள். 2024 ஜூன் முதல் பெரியவர் ஒருவருக்கு 90 யூரோவும், ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 45 யூரோவும் கட்டணம். உங்கள் குடும்பத்துக்கு 315 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் இது திரும்பி வராது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதியும் கட்டாயம். உங்கள் மாமியாரின் வயதுக்கும் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் அந்தக் காப்புறுதி பொருந்துமா என்பதை ஒப்பந்தத்தைப் படித்தே உறுதி செய்யுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் கடலில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தார் வாடை, சோளகம் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருப்பதைப் போல, அத்தீவுகளைச் சூழ்ந்த ஏஜியன் கடலில் கோடையில் வடக்கிலிருந்து வீசும் காற்றைக் கிரேக்கர்கள் 'மெல்தெமி' என்பார்கள். அது ஜூலையிலும் ஓகஸ்டிலும்தான் உச்சத்தில் இருக்கும். வானம் நீலமாக, வெயில் பளிச்சென்று இருக்கும்போதே கப்பல்கள் புறப்படத் தடை விதிக்கப்படுவதுண்டு. கடல் குழம்பினால் குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்திருந்தவர்களுக்கு இது புதிதல்ல. அதிவேகக் கப்பல்கள் முதலில் நிறுத்தப்படும். பெரிய சாதாரணக் கப்பல்கள் அதே காற்றில் ஓடக்கூடும். ஆகவே திட்டத்தில் எந்த வகைக் கப்பல் என்பதைக் கேளுங்கள். ஏதென்ஸை அடுத்துள்ள பிரேயுஸ் துறைமுகத்திலிருந்து சந்தோரினிக்குச் சாதாரணக் கப்பலில் ஏறத்தாழ எட்டு மணிநேரம் ஆகும் என்றாலும், மாமியாருடன் செல்பவர்களுக்கு ஆட்டம் குறைந்த அதையே நான் பரிந்துரைப்பேன்.

ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, கப்பல் இரத்தானால் பயணச்சீட்டுப் பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது வேறு கப்பலில் செல்லலாம். ஆனால் காரணம் வானிலை என்றால் நட்டஈடோ, துறைமுகத்தில் சிக்கிய இரவுக்கான ஹோட்டல் செலவோ கிடைக்காது. தீவில் முன்பதிவு செய்த அறையின் பணமும் பெரும்பாலும் போய்விடும். எனவே விலை சற்றுக் கூடினாலும், இரத்துச் செய்யக்கூடிய அறைகளையே கேளுங்கள். தொலைவிலுள்ள தீவுக்கு முதலில் சென்று, கடைசி இரண்டு இரவுகளையாவது ஏதென்ஸில் கழிக்கும்படி திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். தீவிலிருந்து நேரே விமான நிலையத்துக்கு வரும் திட்டம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

விமானத்தைப் பொறுத்தவரை ஒரு வேடிக்கை உண்டு. வளைகுடா விமான நிறுவனமொன்றில் செல்லும்போது, போகும் பயணம், தாமதத்துக்கு நட்டஈடு தரும் ஐரோப்பிய ஒன்றிய விதிக்குள் வராது; ஏதென்ஸிலிருந்து திரும்பும் பயணம் வரும். ஒரே முன்பதிவில் கொழும்பு வரை எடுத்திருந்து, நிறுவனத்தின் தவறால் மூன்று மணிநேரமோ அதற்கு மேலோ தாமதமாக வந்து சேர்ந்தால், ஆளுக்கு 600 யூரோ வரை கோரலாம். முகவர் மலிவுக்காக இரண்டு தனித்தனிச் சீட்டுகளை ஒட்டித் தந்தால் இந்த உரிமை பலவீனமாகிவிடும்.

மேலதிகச் செலவில் முதலாவது, ஹோட்டலில் நேரடியாக வாங்கப்படும் காலநிலை வரி. 2025 முதல், ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரை, ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு மூன்று நட்சத்திர விடுதியில் 5 யூரோ, நான்கு நட்சத்திர விடுதியில் 10 யூரோ. இரண்டு அறைகளும் பதினொரு இரவுகளுமென்றால், நான்கு நட்சத்திர விடுதியில் 220 யூரோ. இது திட்டத்தின் விலைக்குள் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லில் எல்லாம் அடங்கும்.

ஏதென்ஸின் புராதனக் குன்றுக்கோட்டையான அக்ரோபோலிஸுக்கு நேரம் குறித்த சீட்டுத்தான். காலை எட்டு மணியை எடுங்கள். அண்மைய ஆண்டுகளின் வெப்ப அலை நாட்களில் நண்பகலிலிருந்து பல மணிநேரம் அதை மூடியிருக்கிறார்கள். உணவகங்களில் பற்றுச்சீட்டு தராவிட்டால் பணம் கட்டத் தேவையில்லை என்பது அங்குள்ள சட்டம், விலைப்பட்டியலிலேயே அச்சிட்டிருப்பார்கள். கடனட்டை இயந்திரம் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவைத் தேர்ந்தெடுங்கள்.

முகவரிடம் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு முற்பணம் மட்டும் செலுத்தி, விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அதற்கு அவர் மறுத்தால் வேறு முகவரைப் பாருங்கள். வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரை அவர்களுக்குப் பஞ்சமில்லை.