கேள்வி பதில்: படித்தால் புரிகிற டெஸ்ட்

பில்லிங் மென்பொருளுக்குப் பல வருடமாக டெஸ்ட் எழுதுகிறேன். பிடிடி (Behaviour-Driven Development: மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முதலில் பேசி, அதையே டெஸ்டாக எழுதும் முறை) பற்றியும் படிக்கும்படியான டெஸ்ட் பற்றியும் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, பிடிடி கற்க குக்கும்பரில் தொடங்கலாமா?

வேண்டாம். சாதாரண வாக்கியத்தில் எழுதிய டெஸ்டை ஓட்டும் டூல்தான் குக்கும்பர், அது 2008-இல் வந்தது. டான் நார்த் பிடிடியை விளக்கி எழுதிய கட்டுரை 2006-லேயே வந்துவிட்டது. டிடிடி (கோடுக்கு முன்பே டெஸ்ட் எழுதும் முறை) சொல்லிக்கொடுத்தபோது எங்கே தொடங்குவது, எதைச் சோதிப்பது, டெஸ்டுக்கு என்ன பெயர் வைப்பது என்றுதான் எல்லாரும் அவரிடம் தடுமாறினார்கள். ‘டெஸ்ட்’ என்ற சொல்லை விட்டு ‘நடத்தை’ என்று பேசத் தொடங்கியதும் அந்தக் குழப்பம் குறைந்தது.

பழக வேண்டியது பேச்சுதான். தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு கட்டண விதி தெரிந்தவர், டெவலப்பர், டெஸ்டர் மூவரும் உட்காருங்கள். 100 யூனிட் ஓடியிருந்தால்? யூனிட் கட்டணம் 0. 101 ஓடியிருந்தால்? அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும். வீடு பூட்டியிருந்து நான்கு மாத ரீடிங்கை ஒரே தடவையில் எடுத்தால், இலவசம் 100-ஆ, 200-ஆ? இந்தக் கேள்விக்கு மூவரும் மூன்று பதில் சொன்னால், கோட் எழுதும் முன்பே ஒரு பக் பிடிபட்டுவிட்டது. முடிவானதை அப்படியே எழுதுங்கள், அதுதான் சீனாரியோ.

எங்கள் சீனாரியோ ஒவ்வொன்றும் 40 வரி. ‘லாகின் பக்கத்தைத் திறக்கிறார், பாஸ்வேர்டு தட்டுகிறார், சப்மிட்டை அழுத்துகிறார்’ என்று போகிறது. சரியா?

தவறு. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்: சீனாரியோவில் பட்டன் வரக்கூடாது. ‘கடைசித் தேதி தாண்டிய பில்லைக் கட்டினால் தாமதக் கட்டணமும் சேரும்’, இதுதான் விதி. எந்தப் பெட்டியில் தட்டினார் என்பது ஸ்டெப்புக்கு (சீனாரியோவின் ஒவ்வொரு வரிக்கும்) அடியில் உள்ள கோடின் வேலை. நான் முன்பு இருந்த ஓர் அணியில் சப்மிட் பட்டனின் பெயரை மாற்றிய அன்று, கட்டண விதி எதுவும் மாறாமலே டெஸ்டுகள் வரிசையாகச் சிவந்தன, அதாவது தோற்றன. இரண்டு நாள் உட்கார்ந்து திருத்தினோம்.

செலினியமா, பிளேரைட்டா?

இரண்டும் பிரவுசரை இயக்கிச் சோதிக்கும் டூல்கள். உங்கள் அணிக்கு எது கைவந்ததோ அது.

பிஹேவா, பைடெஸ்ட்-பிடிடியா?

இவையும் பைதானுக்கான பிடிடி டூல்கள்தான். முதல் பதிலைப் படியுங்கள்.

கெர்கினில் தமிழ் இருக்கிறதாமே? வேலைக்கு ஆகுமா?

இருக்கிறது. குக்கும்பருக்கான சீனாரியோவை எழுதும் மொழிதான் கெர்கின். ‘அம்சம்’ (Feature), ‘காட்சி’ (Scenario), ‘கொடுக்கப்பட்ட’ (Given), ‘எப்போது’ (When), ‘அப்பொழுது’ (Then) எல்லாம் அதில் உள்ள சொற்கள். ஆனால் ‘எப்போது அவர் பில் கட்டுகிறார்’ என்று எழுதினால் நமக்கு அது கேள்வியாகத்தான் ஒலிக்கும். ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் முன்னால் நிற்கிறது. தமிழில் அது வினையின் வாலில், ‘கட்டினால்’ என்று வரும். அதனால் நான் ஸ்டெப்பின் முன்சொற்களை மட்டும் விட்டுவிட்டு நட்சத்திரக் குறி போடுகிறேன்:

அம்சம்: மின்கட்டணம்
காட்சி: இலவச அளவைத் தாண்டிய முதல் யூனிட்
\* வீட்டு இணைப்பில் 101 யூனிட் ஓடியிருக்கிறது
\* பில் போட்டால்
\* 1 யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் வரும்

மேலே சொன்னதை ஏற்கமாட்டேன் அக்கா. நட்சத்திரம் போட்டால் எது நிலைமை, எது செயல், எது விளைவு என்று தெரியாது.

மூன்று வரியையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ‘இருக்கிறது’, ‘போட்டால்’, ‘வரும்’. வினைமுடிவே மூன்றையும் பிரித்துக் காட்டுகிறது. ஸ்டெப்பைப் பொருத்தும்போது குக்கும்பர் முன்சொல்லைக் கணக்கில் எடுப்பதில்லை, ஆகவே எதுவும் உடையாது.

ஆனால் டெவலப்பர்கள் ‘போட்டால்’ என்பதை நடுவில் கலந்து எழுதிவிடுவார்களே? முன்சொல் இருந்தால் அந்த ஒழுங்காவது இருக்கும்.

இதில் நியாயம் இருக்கிறது. புதியவர்கள் உள்ள அணியில் அந்த ஆபத்து உண்டு. அதற்கு ரிவ்யூவில் ஒரே விதி வைத்தேன்: ஒரு காட்சியில் ‘-ஆல்’ ஒரு தடவைதான். இரண்டு வந்தால் அது இரண்டு காட்சி. ‘கொடுக்கப்பட்ட’ என்று தொடங்கும் வரியைக் கட்டண விதி தெரிந்தவரிடம் காட்டினால் அவர் படிக்காமல் நகர்ந்துவிடுகிறார். அவர் படிக்கவில்லை என்றால் கெர்கினே எதற்கு?

ஜேமீட்டரில் லோடு டெஸ்ட் எழுதுவது எப்படி?

பலர் ஒரே நேரத்தில் வந்தால் மென்பொருள் தாங்குமா என்று பார்ப்பது அது, என் துறை இல்லை. பெர்பார்மன்ஸ் பார்ப்பவர்களைக் கேளுங்கள்.

குக்கும்பர் நல்லதா, வேறு டூல் நல்லதா?

மூன்றாவது தடவை. டூல் கேள்விக்கு இனி பதில் இல்லை.

யூனிட் டெஸ்டையும் (கோடின் ஒரு சிறு துண்டை மட்டும் சோதிப்பது) கெர்கினில் எழுதச் சொல்கிறார் மேனேஜர்.

டெவலப்பர் மட்டும் படிக்கப்போகிற டெஸ்டுக்குக் கெர்கின் வீண் சுமை. பெயரை மட்டும் முழு வாக்கியமாக வையுங்கள். பைதான் 3-இல் பங்ஷன் பெயரைத் தமிழிலேயே எழுதலாம்: ‘நூறு\_யூனிட்\_வரை\_கட்டணம்\_இல்லை’. அது சிவந்தால், எந்த விதி உடைந்தது என்று பைலைத் திறக்காமலே தெரிந்துவிடும். உள்ளே ஏற்பாடு, செயல், சரிபார்ப்பு மூன்றுக்கும் இடையில் ஒரு வெற்றுவரி விடுங்கள். இரண்டு டெஸ்டில் ஒரே வரி திரும்ப வந்தால் பதறி ஹெல்பருக்குள் (பொதுவான துணைப் பங்ஷனுக்குள்) ஒளிக்காதீர்கள். 101 என்ற எண் டெஸ்டுக்குள்ளேயே கண்ணில் படவேண்டும்.